முழுக்கைச் சட்டை

முழுக்கைச் சட்டைக்குக் கால் மீட்டர் துணி கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். பள்ளிச் சீருடை தைத்தே இருபது வருடம் பிழைத்தவள் நான், இன்ஸ்பெக்டரம்மா. பெரியவளுக்குப் பதினைந்து வயதானபோது அவளுக்கும் முழுக்கையாகத் தைத்துக் கொடுத்தேன்.

சீருடைக்கு அளவெடுக்கும்போதுதான் பார்த்தேன். கையில் காயங்கள். சில ஆறியவை, சில புதியவை.

"என்னடி இது?"

"நானாத்தாம்மா பண்ணிக்கிட்டேன். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அளவெடுத்தேன்.

பள்ளி நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். டாக்டரிடம் காட்டச் சொன்னார். தோல் அலர்ஜி, காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரியோடு ஊர் ஊராகப் போய்வரும் என் கணவரிடமும் அதையே சொன்னேன்.

அவளுக்கு இருந்தது ஒரே தோழி. சுருட்டை என்று கூப்பிடுவார்கள். ஒரு மாலை அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அவளைத் தனியா விடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அவளுக்கு உன் சகவாசமே பிடிக்கலையாம். இனிமே வராதே" என்று தன்மையாகத்தான் சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து மகளிடம், "சுருட்டை உன் விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா" என்றேன். அவள் அழவில்லை. இனி வேண்டாம் என்று கையிலிருந்த போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் யாரோடும் பேச்சில்லை. சாப்பிட்டாயா என்றால் ம் என்பாள். அடங்கிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, டாக்டர்கிட்ட போலாமா?"

"இந்த ஆர்டர் முடியட்டும்."

ஆர்டர் எதுவும் இல்லை. கிழிந்த ஜன்னல் திரையைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கையைக் காட்டச் சொல்வாரே. அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, நூல்கண்டு ஒன்று கீழே கிடந்ததை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

யாரையும் போய்க் கேட்காதீர்கள். நர்ஸ் சொன்னார், அந்தப் பெண் சொன்னாள், என் மகளே வாய்விட்டுக் கேட்டாள். எல்லாக் கதவையும் அடைத்தது நான்தான். ஆனால் பெற்றவள் பிள்ளையை நாலு பேர் வாயில் விழாமல் காப்பாற்றத்தானே பார்ப்பாள்.

சின்னவளை வேண்டுமானால் பாருங்கள். பதின்மூன்று வயது. ஒரு மாதமாக அறையைவிட்டு வருவதில்லை, வாயே திறப்பதில்லை. அவளால் எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது.