அசிட் தொட்டியின் வால்வு

பிளாஸ்டிக்கில் நல்லது, கெட்டது என்று ஒன்றும் இல்லை, ஐயா. மாவனல்லையில் முப்பத்தொரு வருஷமாகக் குழாய்ச் சாமான் விற்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "மஷூர் நானா, இதுல எது நல்ல சாமான்?" எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்று அடியைத் தாங்கும், அசிட்டைத் தாங்காது. இன்னொன்று அசிட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. உள்ளே என்ன ஓடப்போகிறது என்று சொன்னால்தான் எது வேண்டும் என்று நான் சொல்லலாம். இதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

ரம்புக்கனை வீதியில் மேலே இருக்கிற அந்த றப்பர் தோட்டத்துத் தொழிற்சாலைக்கு நான்தான் சாமான் கொடுக்கிறேன். அங்கே இரண்டு தொட்டிகள். பால் கெடாமலிருக்க அமோனியா ஒன்றில். பாலை உறைய வைக்க ஃபோமிக் அசிட் மற்றதில். அமோனியாத் தொட்டிக்கு ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நைலோன் வால்வு கொடுத்தேன். இன்றைக்கும் அது கல்லு மாதிரி இருக்கிறது. வினை அங்கேதான் தொடங்கியது. மெக்கானிக் காத்தமுத்துவுக்கு அன்றிலிருந்து உலகத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக்தான். எந்தச் சாமானையும் கையில் வைத்துக் கனம் பார்ப்பான், பிறகு வாளித் தண்ணீரில் போடுவான். முழுகினால் நல்லது, மிதந்தால் குப்பை. தொழிற்சாலையில் எல்லாரையும் அப்படியே பழக்கிவிட்டான்.

நைலோன் முழுகும், ஐயா. பொலிப்ரொப்பிலீன் மிதக்கும். ஆனால் ஃபோமிக் அசிட்டைத் தாங்குவது அந்த மிதக்கிற சாமான்தான். கேனில் வருகிற கடும் அசிட்டில் நைலோன் கரைந்துவிடும். தேநீரில் சீனி கரைவது போல, கொஞ்சம் மெல்லமாகக் கரையும்.

பெப்ரவரியில் அசிட் தொட்டிக்கு மிதக்கிற வால்வுதான் கொடுத்தேன். கையால் இறுக்கு, போதும் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. காத்தமுத்து பெரிய ஸ்பெனரைப் போட்டு இறுக்கி வெடிக்க வைத்துவிட்டு, கடைக்கு வந்து என் வாளியிலேயே அதைப் போட்டுக் காட்டினான்.

"பாருங்க எல்லாரும். மிதக்குது! இதைத்தான் நானா நம்ம தலையில கட்டுறாரு. வயசாயிருச்சுங்க, சாமான் தெரியல."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த புவாட் ஹாஜியாரும் இருந்தார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

நாலு மாதம் பழைய வால்வோடு சமாளித்துவிட்டு, ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காத்தமுத்து மறுபடி வந்தான். "அசிட் தொட்டிக்கு நல்ல கனமான வால்வு ஒண்ணு குடுங்க நானா. மிதக்குறது வேணாம்." நைலோன் வால்வை எடுத்து வைத்தேன். வாளியில் போட்டான். முழுகியது. "இதுதாங்க சாமான்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அசிட்டுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுப்பது வியாபாரம். சொல்லித் தெரியாதவனுக்குப் பட்டால் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நான் அங்கே போனேன். ஒரு வேலையும் இல்லை, பார்க்கத்தான் போனேன். அசிட் பக்கம் நிற்பவள் விஜயகலா. தினம் காலை ஆறரைக்கு அந்த வால்வைத் திறந்து, அசிட்டைப் பிடித்து, தண்ணீரில் கலப்பவள் அவள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நானா, புது வால்வு பிசுபிசுன்னு ஒட்டுதுங்க. திறக்கவே ஒரு மாதிரி இருக்குது. காத்தமுத்து அண்ணன் ஒண்ணுமில்லன்னு சொல்றாரு. நீங்க சொல்லுங்க, சரிதானுங்களா?"

தொட்டுப் பார்த்தேன். நகம் வைத்த இடம் பள்ளமானது.

"பயப்பட வேணாம் புள்ள. புதுச் சாமான் அப்படித்தான் ஈக்கும்."

"அப்ப சரிங்க. நீங்க சொன்னா சரிதான்" என்றாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. குடித்துவிட்டு வந்தேன்.

கண்ணுக்குக் கண்ணாடி மாட்டியிருந்தாளா என்று கேட்டீர்கள். கேனைத் தொட்டியில் கவிழ்க்கும்போது மாட்டுவார்கள். வால்வு திறக்கும்போது அங்கே யாரும் மாட்டுவதில்லை. அதையும் நான் பார்த்திருக்கிறேன். தரையில் கொட்டும், காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டு வருவான் என்றுதான் எண்ணினேன். அவள் முகம் அந்த வால்வுக்கு நேரே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனைத் திறந்தபோது பதினொரு அழைப்பு வந்து கிடந்தது. காலையில் விஜயகலா திறக்கும்போது வால்வு பிய்ந்து, அசிட் அவள் முகத்தில் அடித்திருக்கிறது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

மறுநாள் காத்தமுத்து கடைக்கு வந்து அழுதான். "நான்தாங்க நானா அந்தப் புள்ள கண்ணைக் கெடுத்துட்டேன். நீங்க அப்பவே மிதக்குறதைத்தானே குடுத்தீங்க." அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தெரிந்து யாரும் பிழை விடுவதில்லை என்று ஆறுதல் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் நிறைந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது பில்லைக் காட்டத்தான். காட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் காத்தமுத்து சொன்னதை வாசித்துக் காட்டினீர்களே. "நானா மேல ஒரு பிழையும் இல்லீங்க. நைலோன் அசிட்டுல கரையும்னு அவருக்கே தெரியாதுங்க, பாவம். தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டாரு."

பாவமாம். இரவு முழுக்க அந்த ஒரு வரிதான் மனதைக் குடைந்தது. காலையில் வேறு எந்த வேலையையும் பார்க்காமல் இங்கே வந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் இந்தத் தொழில் செய்தவனைப் பற்றி அரசாங்கக் கடதாசியில் அப்படி எழுதி வைக்கலாமா, ஐயா? அந்த வரியை வெட்டிவிடுங்கள். மஷூருக்குத் தெரியும் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை கொடுக்கும்போதே தெரியும். புதன்கிழமை அந்தப் பிள்ளை கேட்டபோது, தொட்டுப் பார்த்தும் தெரியும்.