நாற்பதைத் தாண்டாத வண்டி

காபி கொஞ்சம் தண்ணியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் சுமந்த். இந்த வீட்டில் நான் காபி போட ஆரம்பித்து நாலைந்து மாதம்தான் ஆகிறது.

பழைய வண்டி விற்கிறவன் அதன் குறைகளை மறைக்கக் கூடாது. ஒரே ஜீப்பை முப்பத்து மூன்று வருஷம் வைத்திருந்தவன் நான், மறைக்க நினைத்தாலும் எனக்கு வராது. ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுப் பிடித்தால் எடுத்துக்கொண்டு போங்கள், பிடிக்காவிட்டால் கரமனையில் ஒரு கிழவன் வீட்டில் சுமாரான காபி குடித்ததாக இருக்கட்டும். உங்கள் மனைவி பத்மப்ரியா அதற்குள் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறதே. உட்காரட்டும். அந்த மெத்தை என் மனைவி சுப்புலக்ஷ்மி தைத்தது, அதுவும் வண்டியோடு வரும்.

ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் தகடு அரித்து ஒட்டுப் போட்டிருக்கிறது. மூன்றாவது கியரில் ஒரு முனகல் உண்டு, பயப்பட வேண்டாம், அது வாங்கிய நாளிலிருந்தே முனகுகிறது. ஸ்டியரிங்கில் ஒரு விரற்கடை ஆட்டம் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் அந்தச் சின்ன லீவரை மாதம் ஒருமுறையாவது போட்டு ஓட்டுங்கள், சும்மா விட்டால் இறுகிப்போகும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கம் முழுவதும் கழுவி, காயவைத்து, எண்ணெய் அடிக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

எஞ்சின் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது. இந்த வருஷம்தான் சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஜீப் நாற்பது கிலோமீட்டர் வேகத்தை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. இதை யார் முன்னிலையிலும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நான் வேலை பார்த்த இலாகா ஏலம் விட்ட வண்டி இது. ஏலத்தில் எடுத்த அதே வருஷம் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. சுப்புலக்ஷ்மி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் ஸ்டேஷன் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்ததும், "இதிலே ஏறறதுக்கு ஏணி உண்டோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே திரும்ப வராது. முழங்கால் வலி வந்த பிறகு ஒருநாள், "ஏன்னா, இதைக் குடுத்துட்டு ஒரு சின்னக் கார் வாங்கப்படாதோ?" என்றாள். நான் அவளுக்காக இடது பக்கம் ஒரு படி வைத்துக் கொடுத்தேன். இரும்புப் படி, மழையில் வழுக்காமலிருக்க மேலே கோடு கோடாக வெட்டியிருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்து, "நன்னாருக்கு" என்றாள். கார் பேச்சு அதோடு முடிந்தது. எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களை ஒற்றுமையான தம்பதி என்பார்கள், அது உண்மைதான்.

கடைந்த எஞ்சினை ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புது ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒத்துப்போக ஆயிரம் கிலோமீட்டர் பிடிக்கும். அதுவரை வேகம் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது. இந்த ஜீப்புக்கு மூன்று தடவை கடைந்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்த ஆயிரம் கிலோமீட்டரை நானும் அவளும் சேர்ந்துதான் ஓட்டினோம். முதல் தடவை கன்னியாகுமரி, சுசீந்திரம் என்று சுற்றினோம். இரண்டாவது தடவை எங்கள் பெண் ஜானவி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அவளைப் பின்னால் போட்டுக்கொண்டு கொல்லம் வரை போனோம்.

மற்ற நாட்களில் இந்த வண்டி போடும் இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் குரல் கேட்காது. நாற்பதில் கேட்கும். சுப்புலக்ஷ்மிக்கு அதுதான் வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் பேசித் தீர்ப்பாள். சைலன்சரில் லேசாக நீலப் புகை தெரிந்தால், மறுபடி கடைய வேண்டிவரும் என்று அவள் முகம் மலர்ந்துவிடும்.

"என்னடி இது, புகை வரணும்னு வேண்டிக்கறயா?" என்று கேட்பேன்.

"வேண்டிக்கலை. வந்தா சந்தோஷமாக்கும்" என்பாள்.

மூன்றாவது தடவை கடைந்தது இசக்கிப்பாண்டி. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் கிள்ளிப்பாலம் பக்கம் அவன் பட்டறை. அவன் கைதான் இந்த வண்டிக்குப் பழகிய கை. எஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டு அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சாமி, இதான் கடைசி. இனி கடையணும்னா இந்த பிளாக்ல இரும்பு கெடையாது. ஆயிரம் ஓடுத வரைக்கும் நாப்பதத் தாண்டி மிதிச்சியன்னா பொறவு எங்கிட்ட வரப்படாது, கேட்டியளா?"

கேட்டேன். நான் சொன்ன பேச்சு கேட்கிறவன்.

இந்தத் தடவை மலைமேல் போனக்காடு எஸ்டேட் வரை போகலாம் என்று சுப்புலக்ஷ்மி சொன்னாள். மேலே ஏறுவதற்குள்ளேயே பாதிப் பேச்சு ஆகிவிட்டது. ஜானவிக்குக் கல்யாணம் வேண்டாமாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டுமாம், நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாதாம். எஸ்டேட் பாக்டரிக்குக் கீழே ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கேதான் அவள் கண்ணாடி கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சிலே கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குன்னா" என்றாள். மூடுபனி, நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவளுக்கு ரவிக்கை நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வேர்த்தது.

கேஸாக இருக்கும் என்றேன். கடையில் செல்வகணேஷ் என்று ஒருவன் இருந்தான், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறவன், ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். அவன் எழுந்து வந்தான். "சார், கேஸுக்கு இப்பிடி வேர்க்காது. எங்க அய்யாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு. நீங்க அம்மாவப் பிடிச்சிட்டு இருங்க, நான் ஓட்டுறேன். பெட்டெனு கீழ விதுரா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

நல்ல பையன். ஆனால் அவன் தன் ஜீப்பை அந்த ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு வந்ததை நான் சற்று முன்புதான் பார்த்திருந்தேன். இரண்டாவது கியரில் எஞ்சின் கதறக் கதற மிதிக்கிறவன். "வேண்டாம்ப்பா, நானே பாத்துக்கறேன்" என்றேன். ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தான்.

காட்டுப் பாதையில் யாராலும் வேகமாக இறங்க முடியாது. குழியும் கல்லுமான வழி. அங்கே அவளே, "மெதுவாப் போங்கோ, குலுங்கினா வலிக்கறது" என்றாள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை.

விதுராவில் நல்ல தார் ரோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி போர்டும் தெரிந்தது. ஆனால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. புது ரிங்குகளோடு அந்தச் சூட்டில் அணைத்தால் திரும்பக் கிளம்புவது கஷ்டம். எப்படியும் நகரத்துக்குத்தான் கொண்டுபோகச் சொல்வார்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

விதுரா தாண்டியதும் அவள் கேட்டாள். "ஏன்னா, இனி கொஞ்சம் வேகமாப் போப்படாதோ?"

"இப்போ நாப்பதுலே போயிண்டிருக்கோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆமா, பழக்கணுமே" என்றாள்.

அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று முன்பே சொன்னேன்.

போனக்காட்டில் எங்களுக்குப் பிறகு புறப்பட்ட அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. கை காட்டி ஒதுங்கி வழிவிட்டேன். ஒரு ஆட்டோ தாண்டிப் போயிற்று, அதில் வாழைக்குலை ஏற்றியிருந்தார்கள். நாற்பதில் அவள் பேசுவது கேட்கும் என்றேன் அல்லவா, அன்று அவள் மூச்சு விடுவதும் கேட்டது. முன்னால் இருக்கும் அந்தக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாருங்கள், அதில் நான்கு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போயிருக்கிறது, இத்தனை வருஷம் அவள் பிடித்த இடம். உங்கள் மனைவியும் இப்போது அங்கேயேதான் பிடித்திருக்கிறார்.

நெடுமங்காட்டுக்கு அப்புறம் அவள் கை கம்பியை விட்டு நழுவி மடியில் விழுந்தது. கண்ணின் ஓரத்தில் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் கால் தானாக அழுத்திவிடும் என்று பயந்து, வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முள் நாற்பதிலேயே நின்றது. மூச்சு கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன், எஞ்சின் சத்தம்தான் கேட்டது. சீராக ஓடியது.

ஆஸ்பத்திரியில் சபீனா என்று ஒரு சின்னப் பெண் டாக்டர். ஓர் அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். வலி எப்போது வந்தது என்று கேட்டார். விதுரா தாண்டின பிறகுதான், முக்கால் மணிகூட ஆகவில்லை என்று சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அங்கிள் நல்ல ஸ்பீடில் தன்னே வந்நு. செய்யாவுன்னதெல்லாம் செய்து" என்று மலையாளத்தில் சொன்னார். நல்ல வேகத்தில்தான் வந்தேனாம், செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டேனாம். அந்தக் கையை நான் வெகுநேரம் விடவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஜானவி பெங்களூரிலிருந்து வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க எப்படிப் பறந்து வந்திருப்பேள்னு எனக்குத் தெரியும்ப்பா. இனி அந்த வண்டி வேண்டாம், போதும். வித்துடுங்கோ" என்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

இசக்கிப்பாண்டி காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்தான். துக்கம் கேட்டான். போகும்போது, வந்தது வந்தோம் என்று ஜீப்பைக் கிளப்பிப் பார்த்தான். சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தடவினான், காதைச் சாய்த்துக் கேட்டான். "பதமா இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். விரலில் இருந்த கரியைத் துடைக்கவேயில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான், "அன்னிக்குமா, சாமி?"

நான் சாவிக்குக் கை நீட்டினேன். அவன் எஞ்சினை அணைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. நீங்கள் வேறு மெக்கானிக் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் வாங்க வந்தவர், உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கும்தான். அவள் இதயம் நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தே நாற்பதில் ஓட்டினேன். கேஸ் என்று நான் நம்பியது டீக்கடையில் ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை. இந்த ஜீப் என்னைப் பாதி வழியில் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறது. மலையில், மழையில், ஒருமுறை ஜானவியின் பரீட்சை அன்று. அவள் ஒரு தடவைகூட என்னை நிறுத்தியதில்லை. காய்ச்சலோடு சமைத்தாள், பிரசவ வலியோடு எனக்குச் சாதம் போட்டுவிட்டுப் புறப்பட்டாள். இரண்டில் எது தாங்கும் என்று அந்த ரோட்டில் யோசித்தேன். அவள் தாங்குவாள் என்று நினைத்தேன்.

கொன்றேன் என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். என் சுப்புவை நான்தான் கொன்றேன். காலை எழுந்ததும் இரண்டு டம்ளர் எடுத்துவைக்கிறேன். பிறகு ஒன்றை உள்ளே வைக்கிறேன்.

இவ்வளவுதான் குறைகள். சாவி இந்தாருங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாமா, உங்கள் மனைவி காத்துக்கொண்டிருக்கிறாரே? ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஆயிரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதுவரை எது வந்தாலும் நாற்பதைத் தாண்டாதீர்கள்.