மாம்பழக் குனாஃபாவும் ஒரு தலாக்கும்

…வேண்டாம், வேண்டாம், அதைக் கட்டாத! ரிப்பனை அவுரு, நாஹித். பிஸ்கட் தூள் போட்ட குனாஃபாவாம்! நோன்புக்கு இதுவும் ஒரு இனிப்பா? பிஸ்கட்டை நான் வீட்டுல டீயில முக்கித் தின்னுக்க மாட்டேனா? அதுக்கு ஷுப்ரா முழுக்க நடந்து, நோன்போட, நாக்கு வறண்டு உன் கடைக்கு வரணுமா? போன நோன்புக்கு என்ன போட்டீங்க? வெண்ணெய்ப்பழம்! பச்சையா, வழவழன்னு, சோப்பு மாதிரி. அதுக்கு முந்தின நோன்புக்குச் செவப்புக் குனாஃபா. இதுல என்ன ருசிய்யான்னு கேட்டா, "செவப்பு ருசி"ங்கறார் உன் வீட்டுக்காரர்!

ஆனா ஒரு வருஷம் மாவுக்குள்ள அத்திப்பழம் வச்சு மடிச்சு கதாயிஃப் பொரிச்சீங்களே… ஆஹா! ரெண்டாவது தடவை வாங்க வந்தா, "நோன்போட நிறுத்திட்டோம்". நல்லதா ஒண்ணு வந்தா முப்பதே நாள்ல ஓடிப்போயிடுது. என் ரெண்டாவது புருஷன்கூட நாலு வருஷம் இருந்தான், தங்கச்சி!

சரி, நான் எதுக்கு வந்திருக்கேன்னு உனக்கே தெரியும். இந்தப் பைதான். மோந்து பாரு. ம்? இஸ்மாயிலியா மாம்பழம். ஆகஸ்ட்டுல வாங்கி, நானே தோலுரிச்சு, துண்டு போட்டு, ஃப்ரீசர்ல அடுக்கி வச்சது. கறி வைக்க இடமில்லன்னு மருமக சண்டைக்கு வந்தா. கறி எப்ப வேணாலும் கிடைக்கும்டி, இது கிடைக்குமான்னேன்.

பின்ன என்ன? நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகந்து வருது. மாமரம் நகருமா? பதினஞ்சு வருஷம் முன்னாடி ரெண்டும் ஆகஸ்ட்டுல ஒண்ணா வந்துச்சு, உங்க கடையில மாம்பழக் குனாஃபா போட்டீங்க. இப்ப நோன்பு குளிர்ல வந்து நிக்குது. ரெண்டும் மறுபடி சந்திக்கறதுக்குள்ள எனக்கு எண்பது வயசாயிடும். பல்லு இருக்குமா? மாம்பழத்துக்குப் பல்லு வேண்டாம், சரி. அடியில நெய்யில பொரிஞ்சு மொறுமொறுன்னு கிடக்குமே நூல் நூலா, அதுக்கு வேணுமே! அடி சூடா, நடுவுல பாலாடை, மேல ஜில்லுன்னு மாம்பழம்… அல்லாவே, நோன்பு நேரத்துல எனக்கு இந்தப் பேச்சு தேவையா?

நீ அப்படிப் பாக்காத. அன்னிக்கு நான் என்ன பெரிய குத்தம் பண்ணிட்டேன்? பேரம் பேசினேன். நான் நடைபாதையில பழைய குழாய் வித்து, இன்னிக்குக் குழாய்க்கடை மொதலாளியா உக்காந்திருக்கேன்னா, எல்லாம் பேரந்தான். உன் வீட்டுக்காரர் ஒரு விலை சொன்னார், நான் பாதிக்குக் கேட்டேன். அது மரியாதை! அவர் ஒரு படி இறங்கினார். இன்னொரு படி இறக்குவோமேன்னு, வரிசையில நிக்கறவங்க காதுல விழறமாதிரி, "இது மாம்பழமா, பூசணிக்காயா?"ன்னேன். மனசுக்குள்ள அந்த மணத்துல சொக்கிப்போய்த்தான் நிக்கறேன். அது வேற. மனசுல இருக்கறதைச் சொல்லி யாராவது பேரம் பேசுவாங்களா? பூசணின்னதும் பின்னால நின்னவங்க பாதிப் பேர் கலைஞ்சு போயிட்டாங்க. நானா போகச் சொன்னேன்?

அதுக்கு மனுஷன் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சு, "இனிமே இந்தக் கையால மாம்பழக் குனாஃபா போட்டா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"னு கத்தறார். டீயும் சிகரெட்டும் இல்லாத ஆம்பளை சாயங்காலம் ஆனா எதை வேணாலும் பணயம் வைப்பான். ஆனா பணயம் வச்சது கடையையா, காரையா? உன்னை! நீ இதே ஸ்டூல்ல, இதே ரிப்பனோட உக்காந்திருந்தே. நிமிந்துகூடப் பாக்கலையே, தங்கச்சி.

அவர்கிட்ட நேரா கேட்டா புதுசா இன்னொண்ணு சத்தியம் பண்ணிடுவார். அதான் உன்கிட்ட வந்தேன். பள்ளிவாசல் ஷேக்கைப் பார்த்துட்டுத்தான் வரேன். கோவத்துல சொன்ன வார்த்தையா இருந்தா, பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போட்டா தீந்துதுன்னார். நான் போடறேன், என் செலவு. ஏழு பேரோட முடிச்சுக்கலாமான்னு கேட்டேன்… எழுந்து உள்ள போயிட்டார்.

ஆனா நெசமா மனசோட சொல்லியிருந்தா தலாக் விழுந்துடுமாம். விழட்டுமே! ஒண்ணுதானே, மூணா சொன்னார்? விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பக் கொட்டு அடிக்கறவன் தெருவுக்கு வர்றதுக்குள்ள, "திரும்பி வா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா சரியாப்போச்சு. நடுவுல ஒரு ராத்திரி நீ நிம்மதியா தூங்கலாம். அவர் கொறட்டை தெரு முனைக்குக் கேக்குது.

தலாக்குன்னா என்னவோ ஏதோன்னு பயப்படாத. என்னைப் பாரு. மொத தலாக் ஆனப்பதான் நடைபாதையில துணி விரிச்சேன். ரெண்டாவது ஆனப்ப கடை எடுத்தேன். மூணாவது ஒருத்தன் அமைஞ்சிருந்தா மாடி கட்டியிருப்பேன்! காலையில எந்திரிச்சா, "சட்டை எங்க, சாவி எங்க"ன்னு கத்த ஆள் கிடையாது. எனக்குப் பிடிச்சதை நான் சமைப்பேன். பிடிக்கலைன்னா சமைக்கவே மாட்டேன். யார் கேக்கறது? நீயும் இருக்கியே, நோன்புக்கு நோன்பு இங்க உக்காந்து டப்பா கட்டிக்கிட்டு. கூலின்னு ஏதாவது குடுத்தாரா? ஒரு வளையல்? ம்ஹும். உன் கைக்கு, உன் பொறுமைக்கு, நீ தனியா ஒரு கடை போட்டா…

என்ன, ரிப்பனைக் கீழ வச்சுட்டே? சிரிக்கறியா? இத்தனை வருஷத்துல உன் பல்லை இன்னிக்குத்தான் பாக்கறேன். அழகாத்தான் இருக்கு… ஏய், பையை எங்க எடுத்துட்டுப் போற? நாஹித்! நான் சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்! பேரத்துல ஆயிரம் சொல்லுவோம்! பத்துப் பேருக்கே போடறேன். சரி, பதினஞ்சு! கறியோட!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டாளே… அவர் கையிலயே குடுத்துட்டாளே! என்ன பழம்னு கேக்கறார்… "ஒரு கஸ்டமர் ஆர்டர், சீக்கிரம் போட்டுக் குடுங்க"ங்கறா. சத்தியத்தைப் பத்தி மூச்சே விடல! அந்த மனுஷனாவது… தலையைச் சொறியறார்… அடுப்பைப் பத்த வைக்கறார். அடப்பாவி, மறந்தே போயிட்டியா? நானே சாகற வரைக்கும் மறக்க மாட்டேனே! அவ ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வைக்கறா. கைப்பையை வேற எடுத்துட்டா.

சொல்லிடணும். ஒரு குடும்பம், நோன்பு மாசம்… நான் சொல்லாம யார் சொல்றது? ஹாஜ்! ஹாஜ் ஷஹாத்தா! இங்க பாருங்க, நிறுத்துங்க, அந்த மாம்பழம்…

…என்ன மணம்டி, யம்மா…

ஒண்ணுமில்ல ஹாஜ். பாலாடையைக் கொஞ்சம் தாராளமா வைங்க.