போதும்க்கா என்று சொல்லும் வரை

மேடையில் அமர்ந்திருக்கிற பங்குச் சாமியாரே, துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் நீலமேகம் அவர்களே, மணலில் உட்கார்ந்திருக்கிற என் ஜனங்களே!

முதலில் பேர் சொல்லிடறேன். போன செவ்வாய்க்கிழமை நம்ம ஆர்கன் மேதை அருள்பிரகாசம் ஐயாவை நங்கூர மாதா கோயிலில் கிடத்தியிருந்தப்போ, ஆர்கன் இருக்கிற மேல்மாடத்தோட பூட்டின கதவுக்கு வெளியே என்னோடு நின்னவங்க: ஐயாகிட்ட பாடம் படிச்ச குணசுந்தரி, பாய்மரம் தைக்கிற ஹுமாயூன் பாய், அவர் சம்சாரம் அஜீசுன்னிசா, இதோ இந்த நீலமேகம். யார் மறந்தாலும் இந்தக் கெங்கம்மா மறக்க மாட்டா!

ஐயா யாரு? ராயபுரத்து வலைக்காரர் வூட்டுப் பிள்ளை! லண்டனில் வாசிச்சார், பாரிசில் வாசிச்சார், சீமான்கள் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அப்பேர்ப்பட்டவர் முதன்முதலா ஆர்கனில் கை வச்சப்போ, பின்னால் துருத்தி அழுத்தினது யாரு? நான்! காத்து இல்லாட்டி ஆர்கன் வெறும் மரம்தானே?

அந்த முதல் பூசையில் நடுப்பாட்டிலே ஒரு மூச்சு நிறுத்தினார். பாட்டு முடிஞ்சுதுன்னு நான் துருத்திப் பிடியை விட்டுட்டேன். மறுபடி கட்டையைத் தொட்டாரு பாருங்க, ஆர்கன் சினைமாடு மாதிரி முனகிச்சு! கோயிலே சிரிச்சுது. நான் அழுதுகினு உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, இதுக்கா அழுவுறே? பின்னால நிக்கிற உனக்கு என் கை எங்க தெரியும்? இனிமே நான் 'போதும்க்கா'ன்னு சொன்னாத்தான் விடணும்."

"மறந்துட்டா?"

"சொல்லாம எழுந்திருக்க மாட்டேன்க்கா."

சீமையில் காத்தை மிஷினே குடுக்குதாம். ஆனாலும் கடைசிக் கட்டையில் அவர் வாய் தன்னால 'போதும்க்கா'ன்னுடுமாம். "அது இன்னா ஜெபம்?"னு வெள்ளைக்காரன் கேட்டானாம். "எங்க ஊர்ல ஆமென்னு அப்படித்தான் சொல்வோம்"னாராம்! சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கப்பலேறாத என்னைக் கடல் தாண்டிக் கூட்டிக்கினு போன மனுஷருக்கு எந்த வாயால நன்றி சொல்வேன்?

படுக்கையில் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "நான் போறப்போ குணசுந்தரி வாசிக்கட்டும், நீ காத்து குடுக்கணும்க்கா." குடுத்தேனா? மாரியாத்தா கும்புடுறவ ஏறினா மாடம் தீட்டாம்! ஐயா இருந்தவரைக்கும் இல்லாத தீட்டு, அவர் கண் மூடினதும் எங்கேருந்து வந்துது? உலகத்துக்கே வாசிச்சவர் ஒரு பாட்டு இல்லாம வாசல் தாண்டினார்.

அன்னைக்கு ஊரில் இல்லாத சாமியார் நேத்து வந்து பூட்டைத் திறந்தார். நல்லா இருக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை குணசுந்தரி வாசிப்பா. ஐயா நடத்தின பாடத்தை நம்ம குப்பத்துப் பிள்ளைங்களுக்கு அவளே நடத்துவா. என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் காத்து நான் தருவேன். இது சத்தியம்!

மன்னிச்சுடும்மான்னு சாமியார் சொல்றார். சிரிச்ச கோயிலை அன்னைக்கே மன்னிச்சேன். பயந்து வாய் மூடிகினவங்களையும் மன்னிச்சேன். சாவியை இடுப்பில் சொருகிகினு, செத்தவர் தலைமாட்டில் மெழுகுவத்தி பிடிச்சுகினு நின்ன ஒருத்தரை மட்டும் மாட்டேன்.

கோயில் மூப்பர் சந்தியாகு.