நோட்டுக்கார அண்ணனின் வெள்ளைப் பக்கங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, "இவன் எதுக்கு எழுந்தான்?" என்று இப்போதே கிசுகிசுக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே! எல்லோருக்கும் இந்த நடத்துநரின் வணக்கம்.

பயணச்சீட்டுப் பரிசோதகராய் இருந்து மறைந்த நம் நோட்டுக்கார அண்ணனை எனக்கு முன்னால் ஆறு பேர் புகழ்ந்துவிட்டார்கள். மேலாளர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தேகம்! இவர் தலையைக் கண்டாலே பேச்சை நிறுத்தியவர்கள்தானே நாம்? இன்றைக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பாசம்?

எல்லாம் அந்த நோட்டினால்! வண்டியில் ஏறுவார், சீட்டுகளைப் பார்ப்பார், ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ எழுதுவார். யாரைப் போட்டுக் கொடுக்கிறாரோ என்று நாங்கள் பைக்காசை இன்னொரு முறை எண்ணுவோம். பதினெட்டு வருடத்தில் என் மேல் ஒரு மெமோ கொடுத்தாரா? இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். பெரிதாக ஏதோ சேர்த்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரம் நோட்டைப் பிரித்தோம். பக்கத்துக்கு மூன்றே வரி.

தும்பி ஒன்று
முன்வழியே ஏறி
ஜன்னல் வழியே இறங்கியது

"ஹைக்கூப்பா இது" என்றார் ஓட்டுநர் ஒருவர். நான் கேட்டால்தானே! "முன்வழியா ஏறி ஜன்னல் வழியா இறங்கினா என்ன அர்த்தம்? சீட்டு வாங்கல! இது என் வண்டியேதான்!" என்று குதித்தேன். அடுத்த பக்கம்:

அயலான் உறங்குகிறான்
தோள் தந்தவர் இறங்கவில்லை
தன் நிறுத்தத்தில்

"பாத்தியா, சீட்டுக்கு மேல பயணம்! நடத்துநர் கண்டுக்கலன்னு எழுதி வெச்சிருக்காரு!"

சிரிக்காதீர்கள் தோழர்களே! அன்று என்னோடு சேர்ந்து தலையாட்டியவர்கள் நான்கு பேர் இங்கே இருக்கிறீர்கள். அந்தத் தோள் தந்தவரை எதிர்வண்டியில் தானே ஏற்றிவிட்டு வந்தவர் அண்ணன். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் மூன்றே வரியில் ஒரு மொட்டைக் கடிதம் போய்விட்டது. 'பணி நேரத்தில் கவிதை எழுதுகிறார்.' மேலாளர் அவர்களே, ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? ஜன்னலே இல்லாத பழைய கோப்பு அறையில் அல்லவா அவரைக் கொண்டுபோய்ப் போட்டீர்கள்!

போன வாரம் அண்ணி நோட்டுகளைக் காட்டினார். கடைசி நோட்டு பாதியில் நிற்கிறது. அந்த அறைக்குப் போன நாளிலிருந்து இரண்டு வருடம், ஒரு வரி இல்லை. "பாக்கறதைத்தான் எழுதுவாரு தம்பி. அங்க பாக்க என்ன இருந்துச்சு?" என்றார். பிறகு, "அந்த லெட்டரை யார் போட்டாங்கன்னு தெரிஞ்சாப் போதும். சண்டைக்கு இல்ல" என்றார். என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். தெரிந்துதான் கேட்டாரோ என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அண்ணி, அதை எழுதியவன் நான்தான். அவர் என்னைப் போட்டுக் கொடுக்கும் முன் முந்திக்கொள்ள நினைத்து, ஓட்டுநர் சொன்ன அந்த ஹைக்கூவையே குற்றமாக்கினேன். எழுத்து அடையாளம் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். மூன்று வரி எழுதிய மனிதரை மூன்று வரி எழுதியே முடக்கினேன்.

அண்ணன் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் முழங்கினார்கள். யார், எந்த வண்டியில் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நாளைக் காலை முதல் வண்டியில், நான். அண்ணி, அந்த வெள்ளைப் பக்கங்களை என்னிடம் தாருங்கள். எனக்குக் கவிதை வராது. வழியில் கண்டதை எழுதி, கீழே என் பெயரையும் போட்டு, வாரம் ஒருமுறை உங்கள் கையில் கொண்டுவந்து தருகிறேன். என்னை நம்ப வேண்டாம் அண்ணி. பரிசோதித்துக்கொள்ளுங்கள்.