மூணு தலைன்னு எய்துங்க

யாரு சொன்னது ரெண்டு பேருன்னு? செண்பகமா? அவளுக்கு இன்னா தெரியும்? நாலு ஊடு தள்ளி கீறவ எங்க ஊட்டுத் தலைய எண்ணுவாளா? அத அழிங்க டீச்சரம்மா. அழிச்சிட்டு மூணுன்னு எய்துங்க. ஹெலன் ஊட்ல மூணு பேரு. ஹெலன் நான்தான்.

பேரெல்லாம் அப்பாலிக்கா சொல்றேன். மொதல்ல உள்ள வாங்க, வெயில்ல நின்னுக்கினு எவ்ளோ நேரம் அந்த போனக் குத்துவீங்க? இந்தச் சேர்ல குந்துங்க. ஒரு காலு ஆடும், பயப்படாதீங்க, வுழாது. தண்ணி குடிங்க. கேன் தண்ணிதான். நான் இதே கும்மிடிப்பூண்டில பொறந்து வளந்தவ, போர் தண்ணிய வாயில வெச்சி எத்தினியோ வருசம் ஆவுது. சரி, அது வேற பேஜாரு, இப்ப வேணாம்.

நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த ஜனக்கணக்கு எதுக்கு? ரேஷனுக்கா? ஸ்கூலு கட்டவா? அட போங்கம்மா. நான் நாஷ்டா துன்னு முடிக்கறதுக்குள்ள டிவில நாலு பேரு கத்தி முடிச்சிடறாங்க, எனக்குத் தெரியாதா? தலைய எண்ணி, அதுக்குத் தக்கன டெல்லில சீட்டு பங்கு போடணும்ன்றாங்க. எந்த ஸ்டேட்ல ஜனம் சாஸ்தியோ அவனுக்கு எம்பி சாஸ்தி. இன்னிக்கி நம்பளுக்கு முப்பத்தொம்போது, பீகாருக்கு நாப்பது. ஒண்ணுதான் வித்தியாசம். நாளைக்கி தலைக்கணக்குல பிரிச்சா அவன் எங்கியோ ஏறிடுவான், நம்ப கீழ நின்னுக்கினு அண்ணாந்து பாக்கணும். அப்டித்தான? சொல்ல மாட்டீங்க. கவுர்மெண்டு சம்பளம் வாங்கறீங்க, உங்க வாயப் புடுங்கறது பாவம்.

தலைக்கு ஒரு ஓட்டுன்றது நாயந்தானேன்றீங்களா? நாயந்தான். யாரு இல்லன்னது? ஆனா எங்க மகளிர் குழுவ எடுத்துக்கோங்க. பன்னெண்டு பொம்பளைங்க. இதே செண்பகத்துக்கு நாலு புள்ளைங்க, எனக்கு ஒண்ணு. யாரு தலைவி, யாருக்கு மொதல்ல லோனுன்னு கை தூக்கச் சொன்னா அவளுக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை. எங்க ஊட்ல தலை சாஸ்தி, நான் நாலு கை தூக்குவேன்னு அவ சொன்னா நாங்க வுட்ருவோமா? முடியப் புடிச்சி இழுத்துற மாட்டோம்? ஸ்டேட்டும் அப்டித்தானம்மா ஒரு ஆளு. எல்லாரும் சேந்துதான ஒரு குழு? அமெரிக்கால பெரிய ஸ்டேட்டு சின்ன ஸ்டேட்டு எல்லாத்துக்கும் மேல் சபைல ரெண்டே ரெண்டு பேருதானாம். இத்தினூண்டு ஊருக்கும் ரெண்டு, அம்மாம் பெரிய ஊருக்கும் ரெண்டு. மோசஸு சொல்வான். மோசஸ் யாரா? எம்புள்ள. போனப் பாத்துக்கினே சோறு துன்னுவான், துன்னுக்கினே இதெல்லாம் எனக்குப் பாடம் எடுப்பான்.

கோவத்துல பேசறேன்னு நெனைக்காதீங்க. கோவந்தான். எனக்கு வராம யாருக்கு வரும்? நம்ப தலை ஏன் கொறஞ்சிது? தானா கொறஞ்சிதா? நாங்க கொறச்சோம். தோ, இந்த வவுறு. நான் முழுகாம இருக்கறப்போ நர்ஸம்மா வந்து வந்து சொல்லிக்கினு இருந்தாங்க, கொஞ்சமா பெத்து நல்லா வளத்துக்கோ, நாட்டுக்கும் நல்லது, உனுக்கும் நல்லதுன்னு. எங்க மாமியா கத்தினாங்க, ஒத்தப் புள்ளைய வெச்சிக்கினு இன்னாடி பண்ணுவேன்னு. எங்க ஊட்டுக்காரரு பீட்டரு அப்ப செங்கல் சூளைல கீறாரு. அவரும் நானும் பேசி, ஒண்ணு போதும், அத்த ஒழுங்கா படிக்க வெப்போம்னு முடிவு கட்டிட்டோம். பொன்னேரி ஆஸ்பத்திரில மோசஸ வவுத்தக் கிழிச்சித்தான் எடுத்தாங்க, அப்பவே கருத்தடை ஆபரேஷனையும் சேத்து பண்ணிடுங்கன்னு சொல்லிட்டேன். அப்பால ஒரு நாளு புள்ளத்தாச்சிங்க கூட்டத்துல என்ன எழுப்பி நிக்க வெச்சி, ஹெலன் மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்னாங்க. இந்தியாவே தட்றா மாதிரி இருந்துச்சு எனக்கு. சின்ன வயசு, அவ்ளோ பெருமை.

இப்ப சொல்றாங்க, நீங்க கம்மியா கீறீங்க, அதனால உங்க பேச்சும் கம்மின்னு. சொன்ன பேச்சக் கேட்டவளுக்கு இதான் பரிசா? இதுல ஒருத்தன் மேடை ஏறி நின்னுக்கினு, எல்லாரும் இனிமே நெறைய பெத்துக்கோங்கன்றான். யாரு, நானா? நாப்பத்தேழு வயசுல? அவன வந்து பெத்துக்கச் சொல்லுங்க! சிரிக்காதீங்க டீச்சரம்மா. சரி, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, வவுறும் எரியிது.

பீட்டரு இப்ப அத்திப்பட்டு பவர் பிளாண்ட்ல நெலக்கரி சாம்பல் லாரிக்கு லோடு பாக்கறாரு. அந்த பவர் பிளாண்ட் கரண்டு நாலஞ்சு ஸ்டேட்டுக்குப் போவுதாம். எல்லாருக்கும் பங்கு. போவட்டும், நான் வேணான்னு சொல்லல. அந்த சாம்பலப் பங்கு போட்டுக்க எவனாவது வந்தானா? அது மொத்தமும் அவரு சட்டையில எங்க ஊட்டுக்குத்தான் வருது. மூணு தண்ணி அலசினாலும் பக்கெட்டுல மண்டி நிக்கிது. சீட்டுன்னா தலைய எண்ண வராங்க, சாம்பலுக்கு யாரும் தலைய எண்றதில்ல.

இன்னும் கேளுங்க. ஜனம் அங்க சாஸ்தி, சீட்டு அங்க சாஸ்தியாவும், ஆனா வேலை அங்க கீதா? இல்ல. ரயிலு நெறைய இங்கதான் வந்து எறங்கறாங்க. ஞாயித்துக்கெழம பஜாருக்குப் போங்க, தக்காளி விக்கறவ கூட இந்தில வெலை சொல்றா. காண்ட்ராக்டருக்கு அவனுங்கதான் வேணும். ஏன்னா கேள்வி கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான், நாளைக்கி நின்னுடுன்னா நின்னுடுவான். நம்ப ஆளுங்களுக்கு வேலை போவுது. நான் திட்டாத திட்டு இல்ல. பஸ்ல பக்கத்துல குந்தினா கூட மூஞ்சத் திருப்பிக்குவேன்.

மூணாவது ஆளு மோசஸுதானேன்றீங்களா? வயசு இருவத்திமூணு. ஐ.டி.ஐ. ஃபிட்டரு. சிப்காட்ல இரும்பு உருக்கற கம்பெனில வேலை. கம்பெனி பேரு உங்களுக்கு எதுக்கு, வேணாம். ஷிஃப்டு முடிஞ்சி எப்ப வருவானா?

வர மாட்டான் டீச்சரம்மா. போன மழைக்காலத்துல ஃபர்னஸு வெடிச்சி செத்துட்டான்.

எழுந்திருக்காதீங்க. குந்துங்க. போன மூடாதீங்க, அதான் முக்கியம். செத்தவன உசுரோட கீறவங்க கணக்குல ஏத்தச் சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி பெரளல. எம்புள்ள பேரு உங்க போனுக்கு வேணாம். நான் மூணுன்னது வேற. கேளுங்க.

பழைய இரும்புல தண்ணி இருந்துச்சுன்னா ஃபர்னஸு வெடிக்கும். மழைல நனஞ்ச இரும்ப காய வெக்காம அப்டியே கொட்டிட்டாங்க. கிட்ட நின்னது ரெண்டு பேரு. மோசஸு ஒண்ணு, பீகார்ல இருந்து காண்ட்ராக்டுல வந்த ஒரு பையன் ஒண்ணு. ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸ்ல கீழ்ப்பாக்கம் தீக்காய ஆஸ்பத்திரிக்கு ஏத்தினாங்க. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலு.

மோசஸுக்கு ஜனம் வந்துச்சு. எங்க காலனியே ரோட்ல குந்திக்கிச்சு, கவரைப்பேட்டை வரைக்கும் லாரி நின்னுது. தாசில்தார் வந்தாரு, கட்சிக்காரங்க வந்தாங்க, கம்பெனி ஆளு வந்து கைய கட்டிக்கினு பேசினான். உசுரு இழுத்துக்கினு கிடந்த நாலு நாளும் வராண்டா கொள்ளாம ஆளு. பக்கத்துக் கட்டிலுக்கு ஒருத்தன் வரல. காண்ட்ராக்டரு போன ஆஃப் பண்ணிட்டான். அவன் எங்க ஆளே இல்லன்னிடுச்சு கம்பெனி. தண்ணி கேக்கக் கூட பாஷை தெரியாம கிடந்தான் அவன். அங்க குந்திக்கினு நான் நெனச்சேன், இன்னாடா இது, இவனுக்கு நாப்பது எம்பி கீறாங்க, எங்கள விட ஒண்ணு சாஸ்தி, இன்னும் சாஸ்தியாவப் போறாங்க. அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், இந்தப் பையன் பொழச்சானா செத்தானான்னு ஒரு போனு போட்டானா? அப்ப அந்த சீட்டெல்லாம் யாருக்கு? கத்தணும் போல இருந்துச்சு. கத்தினேன். ஒருத்தருக்கும் புரியல, புள்ள போற துக்கத்துல கத்தறான்னு சொல்லி என்ன வெளிய கூட்டிக்கினு போய்ட்டாங்க.

மோசஸு போய்ட்டான். அந்த பீகார் பையன் பொழச்சிக்கினான். அடக்கமெல்லாம் முடிஞ்சி ஆஸ்பத்திரி பேப்பர் வாங்கறதுக்கு நானும் பீட்டரும் போனோம். அன்னிக்கி அவன அனுப்பறாங்க. வலது கை வெரலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது. எங்க போவணும்னு அவனுக்கே தெரியல. என்னப் பாத்ததும் கட்டில வுட்டு எழுந்து நின்னான். நான் பீட்டரப் பாத்தேன். அவரு வெளிய போயி ஆட்டோ கூட்டியாந்தாரு.

ஆமா, அந்தக் கொடில தொங்கறது மோசஸ் சட்டைதான். போட்டுக்கறது அந்தப் பையன்.

அவங்கம்மா வீடியோ கால்ல வருவா. அவ இந்தில அழுவா, நான் தமிழ்ல திட்டுவேன். ஏழு புள்ளைங்களாம். ஏன்டி ஏழுன்னு ஒரு நாளு கேட்டேன். பையன் அரகொற தமிழ்ல அவ சொன்னத எனக்குச் சொன்னான். அவளும் போதும்னுதான் சொன்னாளாம். ஆஸ்பத்திரி எங்கியோ தூரத்துல கீது, எந்த நர்ஸும் அவ ஊட்டு வாசலுக்கு வந்ததே இல்லியாம். அவ மேல எனக்கு இன்னா கோவம்? எனக்கு நர்ஸு வந்து ஒத்தப் புள்ளையோட நிறுத்திக்கினேன், அவளுக்கு வராம ஏழு பெத்தா. டெல்லில குந்தினு கீறவனுக்கு அவளும் தலை, நானும் தலை, அவ்ளோதான்.

அதுக்காக சீட்ட நான் வுட்டுக் குடுத்துட்டேன்னு நெனைக்காதீங்க. அது வேற, இது வேற. எங்க துன்னு எங்க தூங்கறானோ அங்கதான எண்ணணும்? அதான ரூலு? அடுத்த ஊட்ல நீங்க சொல்லிக்கினு இருந்தத காதுல வாங்கிக்கினுதான் நின்னேன். ஆதாரு அங்க இருந்தா இன்னா, ஓட்டு அங்க இருந்தா இன்னா? மழைல வந்தவன் இன்னும் இங்கதான் கீறான், இனிமேயும் இங்கதான். அவங்கம்மாவுக்கும் சொல்லிட்டேன், அங்க எண்ண வந்தா இவனச் சேக்காத, இவன் எங்க கணக்குன்னு. பீகாருக்கு ஒண்ணு கொறையட்டும், நம்ப பக்கம் ஒண்ணு ஏறட்டும். என்னால முடிஞ்சது அவ்ளோதான், ஆனா அத்த நான் வுட மாட்டேன். நீங்க எய்தாம இந்த ஊட்ட வுட்டுப் போவ முடியாது.

உறவு இன்னான்னு கேக்குதா? மகன்னு போடாதீங்க. நல்ல மனசுல சொல்றீங்க, தெரியிது. வேணாம். மகன் மோசஸுதான், அந்த எடத்துல வேற யாரும் வரக் கூடாது. வேற இன்னா கீது அந்தப் போன்ல? மத்தவங்களா? அத்தப் போடுங்க. தலை ஏறினா போதும்.

அவன் பேரா? அவன் வாயாலயே கேட்டுக்கோங்க. டேய் நைனா, அரிசி களைஞ்சது போதும், கைய தொடச்சிக்கினு வெளிய வா. டீச்சரம்மா உன்ன எண்ண வந்துக்கீறாங்க. பேரச் சொல்லு. தமிழ்ல சொல்லு.