வெறும் வயிறு

அலோ... அலோ, காந்தா சிஸ்டருங்களா? நான் தீர்த்தகிரிங்க, நெல்லிவாசல்நாடு... ஆமாங்க, பாஞ்சாலை வூட்டுக்காரன்தான். போளூர் தபாலாபீசுலருந்து பேசறேன். மலையில ரோட்டுல மரம் வுழுந்து ஜீப்பு ரொம்ப நேரம் நின்னுட்சிங்க... ஆமாங்க, ஆமாங்க, ஆபரேசன் பத்து மணிக்குன்னுதான் சொன்னீங்க. பன்னெண்டுக்குள்ள வந்துட்றோம்...

அப்டி சொல்லாதீங்க சிஸ்டர். இன்னிக்கே எடுத்துடணுங்க. வயித்துக்குள்ள இருக்கற அந்தச் சதை இன்னும் புத்துநோய் ஆவல, ஆனா உயிரணுவுக்குள்ள மாற ஆரம்பிச்சிட்சின்னு டாக்டரே சொன்னாரு... தெரியுங்க, சாயந்தரம் அவருக்கு பம்பாய் ரயிலு. எடுக்கற சதைய ஐஸ்ல வெச்சு எடுத்துனு போறாரு, உள்ள இன்னா மாறியிருக்குன்னு பாக்க... திரும்பி வர மூணு மாசமா? அதுக்குள்ள முழுசா மாறிப் பூட்டா இன்னாங்க பண்றது?

...இல்லிங்க, அவ ஒண்ணும் சாப்டல. வெறும் வயிறுதான்... ஆமா, ஆமா... தண்ணிகூட இல்லிங்க.

...நீங்களா? நீங்க எதுக்குங்க பட்டினி?... எங்க பாஞ்சாலைக்காகவா வேண்டிக்கினீங்க...

சிஸ்டர், இருங்க. வெச்சிடாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன்... சாமைக் கஞ்சிங்க... காலைல ஆறு மணிக்கு. எங்க ஊர்ல தூரமா போறவங்கள பசியோட அனுப்ப மாட்டாங்க. ஏழு வூட்டுக்காரங்களும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன், பக்கத்து வூட்டு அம்மாக்கண்ணு அழுவறா. எப்டிங்க தடுக்கறது?

...மயக்கம் குடுத்து தொண்டைல கொழா உள்ள போவும்போது கஞ்சி மேல வந்து மூச்சடைச்சிடுமா?... சாமி, நானே அவள கொன்னிருப்பேன்... டாக்டர கேக்கறீங்களா? கேளுங்க. கால்ல வுழுந்தேன்னு சொல்லுங்க. காத்துனு இருக்கேன்.

...இன்னாங்க? மூணு நிமிஷம் ஆயிட்சா? எக்சேஞ்சு சார், கட் பண்ணிடாதீங்க. என் பொண்டாட்டி உசுரு சார்... கேட்டுனுதான் இருந்தீங்களா?... உங்க கொழந்தைங்க நல்லா இருக்கணும் சார்...

...ஆங், சிஸ்டர்... நாலு மணிக்கா? ரயிலுக்கு முன்னாடி எடுத்துடறாரா?... ஆமாங்க... ஆமாங்க... அதுவரைக்கும் பச்சத்தண்ணிகூட கூடாது. புரிஞ்சிட்சிங்க. எங்க உசுரு போனாலும் குடுக்க மாட்டேன். நீங்க மொதல்ல சாப்டுங்க சிஸ்டர்...

அவளா? ஜன்னல்ல தெரியறா, ஜீப்புலதான் குந்தினு இருக்கா... யாரோ ஒரு அம்மா அவ பக்கத்துல நின்னு பேசறாங்க. புண்ணியவதி, இவ மொகம் வாடினத பாத்துட்டு டீ வாங்கி... சிஸ்டர், வெச்சிட்றேன். பாஞ்சால, வாயில வெக்காத, ஏய்—